பித்தளையில் ஒன்றரை மில்லிமீற்றர் ஆழம் வெட்ட எந்த லேசர்?

கிளிநொச்சி_அச்சு:

எல்லாருக்கும் வணக்கம். இப்ப பட்டறையில இருக்கிறது 60 வாட் சிஓ2 லேசர் ஒண்டு. அக்ரிலிக், பலகை வேலை எல்லாம் அதிலதான் போகுது. இனி உலோக வேலையும் எடுக்க வேணும். கேட்டு வாற வேலை மூண்டு விதம்.

ஒண்டு, நினைவுப் பித்தளைத் தகடு. 200×150 மி.மீ., தடிப்பு 3 மி.மீ. எழுத்தைக் குழியா வெட்டிக் கறுப்பு மை நிரப்ப வேணும்.

மற்றது, பனம்பலகை, தேக்குப் பெட்டிகளில சூடாக்கிப் பதிக்கிற பித்தளை அச்சு. 50×50 மி.மீ. எழுத்து மேடா நிற்க வேணும், சுத்திவர 1.5 மி.மீ. ஆழம் போக வேணும்.

மூண்டாவது, கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் 'உபயம்' போட்டுப் பெயர். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிட்ட வர இதைத்தான் கனபேர் கேக்கினம்.

பார்த்து வைச்ச மெசின்கள்: 40 வாட் நீல டயோட், 5 வாட் யூவி (புற ஊதா), 30 வாட் ஃபைபர், 50 வாட் கியூ சுவிட்ச் ஃபைபர், 60 வாட் மோப்பா ஃபைபர். அஞ்சுமே 'உலோகத்தில ஆழமா வெட்டும்' எண்டுதான் விளம்பரத்தில கிடக்கு. எதை எடுக்கிறது, ஏன்? காரணத்தோட சொன்னால் உதவி.

---

ஒளிவில்லை:

முதலில் டயோட்டையும் யூவியையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள் தம்பி. காரணம் இதுதான்.

உங்களிடம் இருக்கும் சிஓ2 லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோன். பித்தளை அதைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பிவிடும். பூச்சுப் பூசி மேலால் கறுப்பு அடையாளம் போடலாம், பள்ளம் விழாது. நீல டயோட்டின் கதை வேறு. 450 நனோமீற்றர் அளவு நீல ஒளியைச் செம்பும் பித்தளையும் நன்றாகவே உறிஞ்சும். அதனால்தான் விளம்பரத்தில் அப்படித் துணிந்து சொல்கிறார்கள். குறை உறிஞ்சுவதில் இல்லை, ஒளி வரும் விதத்தில் இருக்கிறது. டயோட் 40 வாட்டையும் தொடர்ச்சியாக விடுகிறது. பித்தளை வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்துவதால் அந்தச் சூடு தகடு முழுவதும் பரவிவிடும். நிறம் மாறும், மேற்பரப்புக் கொஞ்சம் உருகும், அவ்வளவுதான்.

ஃபைபர் லேசர் துடிப்புத் துடிப்பாக அடிக்கும். 50 வாட் மெசினை 50 கிலோஹேர்ட்ஸில் ஓட்டினால் ஒரு துடிப்பில் 1 மில்லியூல். அந்தத் துடிப்பு 100 நனோசெக்கனில் முடிந்தால் அந்தக் கணத்தில் வலு 10,000 வாட். சூடு ஓட நேரம் கிடைக்க முதலே அந்தப் புள்ளியில் இருக்கும் உலோகம் ஆவியாகியும் தெறித்தும் போய்விடும். ஆழமாகத் தோண்டுவது என்பது இதுதான். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் எண் வாட் இல்லை, ஒரு துடிப்புக்கு எத்தனை மில்லியூல் என்பது.

யூவி 355 நனோமீற்றர். பிளாஸ்ரிக், கண்ணாடி, மின்பலகை அடையாளம் இவற்றுக்கு அருமையான சாமான். 5 வாட்டை வைத்துக்கொண்டு ஒன்றரை மில்லிமீற்றர் தோண்ட வெளிக்கிட்டால் நாள் முடிந்தாலும் வேலை முடியாது. உள்ளே விளக்கு வைத்து ஓடும் பழைய யாக் லேசர் மெசின் மலிவாக வந்தாலும் எடுக்காதீர்கள். அலைநீளம் ஃபைபரின் அதே 1064 நனோமீற்றர்தான், ஆனால் விளக்கு மாற்றுவதும் நீர்க் குளிரூட்டியைப் பார்ப்பதுமே உங்கள் வேலையாகிவிடும்.

மிச்சம் இருப்பது மூன்று ஃபைபர். இங்கே வாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு எவ்வளவு உலோகம் வெளியே போக வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

தகடு: எழுத்துகள் தகட்டின் பத்தில் ஒரு பங்கை மூடும் என்று வைப்போம். 3,000 சதுர மி.மீ. மை நிற்க 0.3 மி.மீ. ஆழம் போதும். ஆக 900 கன மி.மீ.

அச்சு: 2,500 சதுர மி.மீட்டரில் 60 வீதம் பின்னணி என்றால் 1,500. அதை 1.5 மி.மீ. இறக்கினால் 2,250 கன மி.மீ. பித்தளையின் அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு ஏறக்குறைய 8.5 கிராம். ஒரு அச்சுக்கு 19 கிராம் பித்தளை தூசும் புகையுமாகப் போகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். புகை உறிஞ்சி வாங்கும்போது திரும்பத் தேவைப்படும்.

ஒரு மெசின் நிமிடத்துக்கு 5 கன மி.மீ. எடுத்தால் அச்சுக்கு ஏழரை மணித்தியாலம். 10 எடுத்தால் மூன்றே முக்கால். வாட் இரட்டித்தால் வேகமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். இந்த வேலைக்கு 30 வாட் சின்னது. தகடு மட்டும் என்றால் 30 போதும் என்றே சொல்லியிருப்பேன்.

விற்பவர் சொல்லும் வேகத்தை நம்பத் தேவையில்லை, நீங்களே அளக்கலாம். நீங்கள் வழமையாக வாங்கும் பித்தளையில் 40×40 துண்டுகள் வெட்டி, நகைக்கடைத் தராசில் 0.01 கிராம் வரை நிறுத்து எழுதி வையுங்கள். விற்பவரிடம் கொடுத்து 10×10 மி.மீ. சதுரம் ஒன்றைத் தோண்டித் தரச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் எடுத்தது, எந்த லென்ஸ் என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். திரும்பி வந்ததும் துடைத்து நிறுங்கள். உதாரணமாக 0.34 கிராம் குறைந்திருந்தால் 0.34ஐ 8.5ஆல் பிரிக்க 0.04 கன செ.மீ., அதாவது 40 கன மி.மீ. பரப்பு 100 சதுர மி.மீ. என்பதால் சராசரி ஆழம் 0.4. நிமிடத்தால் பிரித்தால் வேகம் வந்துவிடும். ஆழமானியை விட இது நம்பகமானது. அடி கரடாக இருந்தால் ஆழமானியின் ஊசி மேட்டில் குந்திக்கொண்டு குறைத்துக் காட்டும்.

லென்ஸ் விசயத்தில் கனபேர் ஏமாறுவது உண்டு. 110×110 பரப்புக் கொண்ட லென்ஸின் குவியத் தூரம் வழமையாக 160 மி.மீ. 175×175 என்றால் 254. 200×200 என்றால் 290. குவியத் தூரம் கூடப் புள்ளியும் பெருக்கும். 160இல் இருந்து 254க்குப் போனால் புள்ளியின் பரப்பு இரண்டரை மடங்கு, 290க்குப் போனால் மூன்றே கால் மடங்கு. அதே மில்லியூல் அவ்வளவு பெரிய இடத்தில் பரவும்போது அடி மெலிந்துவிடும். உங்கள் 200 மி.மீ. தகட்டுக்காகப் பெரிய லென்ஸை வாங்கி அதிலேயே அச்சையும் வெட்ட நினைத்தால் 60 வாட் மெசின் 20 வாட் மாதிரி நடக்கும். 110 லென்ஸை வைத்துக்கொண்டு, தகட்டை ஓரத் தடுப்புக்கு அணைத்து நகர்த்தி நாலு பகுதியாக வெட்டுங்கள். பிரிகோடு எழுத்துக்குக் குறுக்கே போகாமல் சொற்களுக்கு இடையில், வரிகளுக்கு இடையில் விழட்டும்.

என் தெரிவு 60 வாட் மோப்பா, 110 லென்ஸ்.

---

மாங்குளம்_லேத்:

ஒளிவில்லை அண்ணை சொன்ன கணக்கு சரி. அந்தக் கணக்கை வைத்தே நான் வேறு முடிவு சொல்றன். 19 கிராம் பித்தளையை ஏன் புகையாக்க வேணும்? சீவலாக்கினால் திரும்ப விக்கலாம்.

சின்ன சிஎன்சி (கணினி ஓட்டிற வெட்டு மெசின்) ஒன்றில 2 மி.மீ. இரட்டைப் பல் காபைட் கட்டர் போட்டு, 10,000 சுற்றில, ஒரு ஓட்டத்துக்கு 0.1 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 250 மி.மீ. நகர்த்தினால் 2 × 0.1 × 250, நிமிடத்துக்கு 50 கன மி.மீ. போகும். எந்த 60 வாட் லேசரும் இதுக்குக் கிட்ட வராது. சட்டம் மட்டும் இறுக்கமா இருக்க வேணும். அலுமினியக் குழாயில பூட்டின விளையாட்டு மெசின் பித்தளையில அதிரும், கட்டர் முறியும்.

ஆனா 2 மி.மீ. கட்டர் எழுத்துச் சுழிக்குள்ள போகாது. அதால ரெண்டையும் சேருங்கோ. அச்சுக் கட்டையின்ர ரெண்டு மூலையில 4 மி.மீ. துளை போட்டு ஊசி இறுக்குங்கோ. சிஎன்சி மேசையிலும் லேசர் மேசையிலும் அதே இடைவெளியில ஊசிக்குத் துளை இருக்க வேணும். முதல்ல சிஎன்சியில எழுத்தைச் சுத்தி 0.3 மி.மீ. இடம் விட்டுப் பின்னணி முழுக்க இறக்குங்கோ. பிறகு லேசரில அந்த 0.3ஐயும் சுழிகளையும் மட்டும் எடுங்கோ. லேசருக்கு மிஞ்சிற வேலை மொத்தத்தில கொஞ்சம்தான்.

தகட்டுக்கு இன்னொரு வழி பெரிக் குளோரைட்டு அரிப்பு. 0.2 மி.மீ. ஆழத்துக்கு அது போதும், மெசினே தேவையில்லை. அதுக்கு மேல போனா கரைசல் கீழ போற அளவுக்குப் பக்கத்தாலும் அரிச்சு எழுத்தின்ர கூர் மழுங்கும். பாவிச்ச கரைசலில செம்பு நிறைய இருக்கும். அதைக் காணிக்குள்ள ஊத்தினால் நேரே கிணத்துக்குத்தான் போகும். இங்க குடிக்கிறதும் அந்தக் கிணத்தில, தோட்டத்துக்கு இறைக்கிறதும் அதில. வடிவாச் சேர்த்துப் பூட்டி வைக்க இடமில்லாட்டி அந்த வழிக்கே போக வேண்டாம்.

மாட்டுக்குக் குறிசுடுற இரும்பும் செய்யலாமோ எண்டு யாராவது கேட்டு வந்தால் லேசரைத் தொடாதேங்கோ. அது கம்பியை வளைச்சு ஒட்டிற வேலை.

---

கிளிநொச்சி_அச்சு:

ரெண்டு பேருக்கும் நன்றி. சிஎன்சி இப்போதைக்குக் கையில இல்லை, ஆனா ஊசித் துளை போட்டே மேசையைச் செய்து வைக்கிறன்.

மூண்டு கேள்வி. 50 வாட் கியூ சுவிட்சுக்கும் 60 வாட் மோப்பாவுக்கும் விலை வித்தியாசம் நல்லாக் கிடக்கு. பித்தளை அச்சு வெட்ட மட்டும் எண்டால் மோப்பா தேவைதானா? மற்றது, எந்த செற்றிங்கில தொடங்கிறது? சில வீடியோவில அடி கடல் அலை மாதிரி வரிவரியாத் தெரியுது. அது ஏன்?

---

ஒளிவில்லை:

நேராகச் சொன்னால், பித்தளையைத் தோண்ட மட்டும் என்றால் 50 வாட் கியூ சுவிட்ச் போதும். அதில் துடிப்பின் நீளம் 100 நனோசெக்கன் அளவில் பூட்டியிருக்கும், அதிர்வெண்ணும் ஒரு சின்ன எல்லைக்குள்தான் ஆடும். மோப்பாவில் நீளத்தை நீங்களே தெரியலாம். நீளமான துடிப்பு கூட உருக்கும், கூட எடுக்கும், கசடும் கூட விடும். குட்டைத் துடிப்பு கொஞ்சமாக எடுக்கும், ஆனால் துப்புரவாக எடுக்கும். ஆகவே மோப்பாவில் நீளத்தால் தோண்டி, குட்டையால் அடியைக் கழுவலாம். எவர்சில்வரில் நிறம் எடுக்கவும், அனோடைஸ் அலுமினியத்தில் கறுப்பு எடுக்கவும் மோப்பாதான் வேண்டும். அப்படி வேலை வருமென்றால் மட்டும் அந்தக் காசைக் கொடுங்கள்.

தொடக்கப் புள்ளிகள், 110 லென்ஸுக்கு:

50 வாட் கியூ சுவிட்ச்: பவர் 90 வீதம், 50 கிலோஹேர்ட்ஸ், செக்கனுக்கு 1,000 மி.மீ., கோட்டிடைவெளி 0.03 மி.மீ.

60 வாட் மோப்பா: 200 நனோசெக்கன், 45 கிலோஹேர்ட்ஸ், 90 வீதம், செக்கனுக்கு 900 மி.மீ., இடைவெளி அதே 0.03.

இரண்டிலும் வேகத்தை அதிர்வெண்ணால் பிரித்துப் பாருங்கள். துடிப்புக்குத் துடிப்பு 0.02 மி.மீ. வரும். புள்ளியின் அகலம் 0.045 அளவு, ஆகவே பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வேகத்தை மாற்றினால் அதிர்வெண்ணையும் அதே விகிதத்தில் மாற்றி இந்த 0.02ஐக் காப்பாற்றுங்கள். மோப்பாவில் ஒவ்வொரு துடிப்பு நீளத்துக்கும் முழு பவர் கிடைக்கும் ஆகக் குறைந்த அதிர்வெண் ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளரின் அட்டவணையில் அது இருக்கும். அதற்குக் கீழே இறக்கினால் அடி பலப்படாது, பவர்தான் குறையும்.

வரிவரியாகத் தெரிவதற்குக் காரணம் ஒவ்வொரு ஓட்டமும் அதே கோணத்தில், அதே கோட்டின் மேலேயே போவது. முதல் ஓட்டத்தின் பள்ளம் அடுத்ததில் இன்னும் ஆழமாகும், மேடு மேடாகவே நிற்கும். லேசரை ஓட்டும் சொப்ட்வெயரான லைட்பேர்னிலும் ஈசிகாட்டிலும் ஓட்டத்துக்கு ஓட்டம் கோணத்தைக் கூட்டும் இடம் இருக்கிறது. 90, 45 என்று போடாமல் 37 என்று போடுங்கள். 360ஐ மீதியில்லாமல் பிரிக்காத எண் என்பதால் கோடுகள் அதே பாதைக்கு இலகுவில் திரும்பி வராது.

பத்து ஓட்டத்துக்கு ஒரு முறை கழுவும் ஓட்டம் விடுங்கள். மோப்பாவில் 80 நனோசெக்கன், 200 கிலோஹேர்ட்ஸ், 40 வீதம், செக்கனுக்கு 2,500 மி.மீ., இடைவெளி 0.05. கியூ சுவிட்சில் அதிர்வெண்ணை அது விடும் உச்சத்துக்குக் கொண்டுபோய் பவரை 35க்கு இறக்குங்கள். இது ஆழத்துக்கு இல்லை, ஒட்டிய கசட்டைக் கிளப்புவதற்கு. கசடு மூடிய அடியில் அடுத்த ஓட்டங்கள் கசட்டையே திரும்பத் திரும்ப உருக்கிக்கொண்டிருக்கும். சத்தத்திலேயே பிடிக்கலாம். நன்றாகத் தோண்டும்போது கூரிய கீச்சுச் சத்தம் ஒரே சீராக வரும், கசடு மூடினால் அது மங்கிக் கரகரக்கும்.

அடுத்தது குவியம். இந்த லென்ஸில் குவியத்துக்கு மேலும் கீழும் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் கூர் இருக்கும். ஒன்றரை ஆழம் போகும்போது தலையை அசைக்காமல் வைத்திருந்தால் கடைசி அரை மில்லிமீற்றருக்கு முழு நேரத்தில் பாதி போய்விடும். மேற்பரப்பு 0.2 மி.மீ. இறங்கும் ஒவ்வொரு முறையும் தலையை 0.2 இறக்க வேண்டும். கைப்பிடி சுற்றும் தூணில் அவ்வளவு நுணுக்கம் வராது. மோட்டார்சைக்கிள் மெக்கானிக் இடைவெளி அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (தடிப்பு எழுதிய மெல்லிய தகடுகளின் கட்டு) ஒரு சோடி வாங்குங்கள். தடிப்பு 0.2, 0.2 ஆகக் கூடும் மாதிரி அந்தத் தகடுகளைக் கட்டைக்குக் கீழே மாற்றிச் செருகினால் கட்டை அளந்தபடி உயரும். ஊசி இருப்பதால் இடம் மாறாது.

மெசினின் இரண்டு சிவப்புப் புள்ளிகளை மட்டும் நம்பிக் குவியம் வைக்காதீர்கள், அவை கொண்டு வரும் வழியிலேயே விலகியிருக்கும். எவர்சில்வர் அடிமட்டம் ஒன்றை 100 மி.மீட்டருக்கு 10 மி.மீ. உயரும் மாதிரிச் சாய்த்து வைத்து நீளத்துக்கு ஒரு கோடு அடியுங்கள். கோடு எங்கே ஆக மெல்லியதாகவும் பளிச்சென்றும் இருக்கிறதோ அதுதான் குவியம். அந்த உயரத்துக்கு ஒரு கம்பித் துண்டை அளந்து வெட்டி மெசினிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

இனி அச்சு எழுத்து. லேசர் வெட்டும் சுவர் செங்குத்தாக நிற்காது. 10 பாகை சாய்வு என்று வைத்தால் 1.5 ஆழத்துக்குப் பக்கத்துக்கு 0.26 மி.மீ. உள்ளே வரும். இரண்டு கோடுகளுக்கு நடுவே அரை மில்லிமீற்றர்தான் இடம் என்றால் அது அடிக்குப் போகவே போகாது, ஆப்பு மாதிரிக் கூம்பி முடிந்துவிடும். தமிழ் எழுத்தில் இது பெரிய தலையிடி. ண, ணை, ஞ, ஜ இவற்றின் சுழிகளைப் பாருங்கள். சுழிக்குள் குறைந்தது 0.8 மி.மீ. வெளி கிடைக்கும் அளவுக்கு எழுத்தைப் பெருப்பியுங்கள், அல்லது சுழி திறந்த எழுத்துரு எடுங்கள். புள்ளியையும் மறக்க வேண்டாம். 'ம்' என்பதன் புள்ளி அச்சில் தனி ஊசியாக நிற்கும். மேலே 1 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்தால் சூட்டில் பதிக்கும்போது வளைந்துபோகும். முறிந்தால் ஒட்ட முடியாது, முழு அச்சும் போச்சு.

அச்சு கண்ணாடிப் பிம்பமாக வெட்டப்பட வேண்டும். முழு வேலையும் ஓட விட முதல் ஒரே ஒரு ஓட்டம் விட்டு நிறுத்தி, மேலே கரி தடவிக் கடதாசியில் ஒற்றி வாசித்துப் பாருங்கள்.

ஓரங்கள் மட்டும் அடியை விட ஆழமாகக் கால்வாய் மாதிரி இறங்கினால் பவரில் கை வைக்காதீர்கள். மெசினுக்குள் கதிரை நகர்த்தும் கண்ணாடி திரும்பும் இடத்தில் லேசர் ஒரு கணம் கூட எரிகிறது. லேசர் தொடங்கும், நிறுத்தும் தாமதங்களைச் சரிசெய்ய வேண்டும்.

---

முல்லை_மின்வேலை:

வெட்டுவது பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மின்சாரம், புகை, கண் மூன்றையும் நான் சொல்கிறேன்.

கண்தான் முதல். 1064 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணின் வில்லை அதைக் கொண்டுபோய் விழித்திரையில் குவிக்கும். நோகாது, அதனால் பட்டதே தெரியாது. உங்கள் சிஓ2 மெசினின் அக்ரிலிக் மூடி அந்த மெசினின் ஒளியைத் தடுக்கும். இந்த ஒளி அதே அக்ரிலிக்கால் தடையில்லாமல் வெளியே வரும். ஆகவே பழைய மூடியைக் கழற்றி இதற்குப் பூட்ட நினைக்க வேண்டாம். இதற்கென்று லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். 1064 என்றும் ஓடி (ஒளியைத் தடுக்கும் அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்றும் கண்ணாடியிலேயே பொறித்திருக்க வேண்டும். வெல்டிங் கண்ணாடி இதற்கு மாற்று இல்லை. பட்டறைக்குள் வரும் ஆட்களுக்கும் ஒரு கண்ணாடி வேண்டும். பித்தளை மினுங்கும் சாமான், ஒளி எந்தப் பக்கமும் தெறிக்கும். மெசினைச் சுற்றி உலோகத் தகட்டில் பெட்டி அடித்துவிட்டால் இந்தக் கவலை பாதி குறையும்.

மினுக்கிய பித்தளையைச் சரியாக லென்ஸின் நடுவில் வைத்தால் ஒளி வந்த வழியே திரும்பிப் போய் லேசர் மூலத்தைப் பழுதாக்கலாம். தகட்டு வேலைகளில் நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மேற்பரப்பை 400 மண்தாளால் மங்கலாக்கி எடுத்தால் முதல் ஓட்டமும் நன்றாகப் பிடிக்கும்.

புகை. பித்தளை செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. நாகம் 907 பாகையில் கொதிக்கும், செம்பு உருகும் சூடு அதை விட மேலே. ஆகவே முதலில் போவது நாகம். வெள்ளைப் புகையாக வருவது நாகவொட்சைட்டு. சுவாசித்தால் சில மணித்தியாலத்துக்குப் பிறகு குளிர் காய்ச்சல், உடம்பு உளைவு, வாயில் உலோகச் சுவை. ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும் என்பதால் ஆட்கள் பெரிதாக எடுப்பதில்லை. பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதும் வெல்டிங் பட்டறைகளில் நெடுகச் சொல்லும் கதை. பால் எதையும் தடுக்காது. அதை விட மோசமானது ஈயம். லேத்துக்கென்று விற்கும் பித்தளைக் கம்பியில் சீவல் சுகமாக முறிவதற்காக 3 வீதம் அளவில் ஈயம் கலந்திருக்கும். அது உடம்பில் தங்கும், பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூட. அச்சுக் கட்டை வாங்கும்போது ஈயம் கலக்காத பித்தளை என்று கேட்டு வாங்குங்கள். வீட்டோடு சேர்ந்த பட்டறை என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வேலை முடிந்த உடுப்போடு வீட்டுக்குள் போகவும் வேண்டாம்.

உறிஞ்சும் வாய் வேலைக்குப் பக்கத்தில், 5 செ.மீட்டருக்குள் இருக்க வேண்டும். மேலே தொங்கவிட்டால் புகை லென்ஸைக் கடந்துதான் போகும். லென்ஸில் படியும், படிந்த இடம் சூடேறும், கடைசியில் லென்ஸ் வெடிக்கும். அலுமினியமும் வெட்டினால் அந்தத் தூசையும் இரும்புத் தூசையும் ஒரே வடிகட்டியில் சேர விடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடிய சேர்க்கை அது. கூட்டும்போது தும்புத்தடியால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பழைய இரும்புக் கடைப் பித்தளை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் அதற்குள் வெடிபொருள் கோதுகள் கலந்து வரலாம். வெறும் கோதுதானே என்று எடுத்து வெட்டவோ சூடாக்கவோ வேண்டாம். அசைக்காமல் விட்டு 119க்கு அறிவியுங்கள்.

மின்சாரம்: நில இணைப்புத்தான் இங்கே முக்கியம். சோளகக் காலத்தில் மண் காய்ந்துவிட்டால் கம்பி நட்ட இடத்தின் தடை ஏறிவிடும். மாரியில் ஒழுங்காக ஓடிய மெசின் ஆடி, ஆவணியில் நடுவேலையில் கணினியோடு தொடர்பை அறுத்துக்கொள்ளும். சொப்ட்வெயரில் பிழை தேட முதல் கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரி வந்தால் கம்பியை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும் என்று அர்த்தம். மெசின், கணினி, உறிஞ்சி மூன்றின் தகட்டிலும் எழுதியிருக்கும் வாட்டைக் கூட்டி, அதற்கு மேலால் தாங்கும் ஒன்லைன் யூபிஎஸ் போடுங்கள். கரண்ட் போனாலும் வேலை பழுதில்லை, கட்டையை மட்டும் அசைக்கக் கூடாது. எத்தனையாவது ஓட்டம் என்று பக்கத்தில் சோக்கால் எழுதிக்கொண்டே வாருங்கள், அந்த எண்ணில் இருந்து தொடரலாம்.

ஏசி போட்ட அறை என்றால் மாரியில் கதவைத் திறந்துவைக்க வேண்டாம். குளிர்ந்த லென்ஸில் வெளி ஈரம் பனியாகப் படியும். அதோடு சுட்டால் லென்ஸின் பூச்சு போய்விடும்.

---

கிளிநொச்சி_அச்சு:

பெரிய உதவி. மணி, விளக்கு பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மணி வளைஞ்சு கிடக்கு, குவியம் எப்பிடிப் பிடிக்கிறது?

---

வெண்கலம்_வவுனியா:

அதை நான் சொல்கிறேன் தம்பி. முதலில், மணியில் ஆழம் தேடாதீர்கள். மணி வெண்கலம் ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்பு. ஒரே இடத்தைத் தொடர்ந்து சூடாக்கினால் மயிரிழை வெடிப்பு வரலாம். வெடித்த மணி பிறகு ஒலிக்காது. 0.15 மி.மீ. போதும். நாக்கு அடிக்கும் தடித்த விளிம்பைத் தொடவே வேண்டாம், இடுப்புப் பகுதியில் எழுதுங்கள். ஐந்து ஓட்டம் விட்டு, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு அடுத்த ஐந்தை விடுங்கள்.

வளைவுக்குக் கணக்கு இருக்கிறது. 110 லென்ஸில் மொத்தம் 2 மி.மீ. உயர வித்தியாசம் தாங்கும் என்று எடுங்கள். 150 மி.மீ. விட்டமுள்ள மணியில் அது கிட்டத்தட்ட 35 மி.மீ. அகலம். குவியத்தை உச்சியில் வைக்காமல் உச்சிக்கு 1 மி.மீ. கீழே வைத்தால்தான் அந்த அகலம் முழுக்கக் கிடைக்கும். 254 லென்ஸ் என்றால் 55 மி.மீ. வரை போகலாம். ஆழம் தேவையில்லாத வேலை என்பதால் இங்கே பெரிய லென்ஸ் பிழையில்லை. 'உபயம்' ஒரு பட்டி, குடும்பப் பெயர் ஒரு பட்டி, ஊர் ஒரு பட்டி என்று மணியைத் திருப்பித் திருப்பி மூன்று பட்டியாக வெட்டினால் சுழலும் கருவி இல்லாமலே முடிக்கலாம். மணியை மணல் நிரப்பிய துணிப்பையில் இருத்துங்கள், அசையாது, கீறும் விழாது. நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

குத்துவிளக்கில் வேறு சிக்கல். புது விளக்குகளுக்கு மினுக்கம் மங்காமல் இருக்க ஒரு பூச்சு அடித்திருப்பார்கள். எழுத்தைச் சுற்றி அது கருகி மஞ்சள் நிழல் விழும். எழுதும் இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். தண்டு பொள்ளலாக, சுவர் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்கலாம். தட்டிப் பார்த்தால் சத்தத்தில் தெரியும். அடித்தட்டின் விளிம்புதான் எழுதப் பாதுகாப்பான இடம். பெயரின் எழுத்தைத் தந்தவரிடம் கையால் எழுதி வாங்குங்கள். ந, ன, ண மாறிப் பொறித்தால் 0.15 மி.மீட்டரையும் சுற்றிவரத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

---

கிளிநொச்சி_அச்சு:

நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. ஈயம் கலக்காத 6 மி.மீ. பித்தளையில 40×40 துண்டு மூண்டு வெட்டி நம்பர் குத்தியாச்சு. நிறை: 1 – 81.42, 2 – 81.67, 3 – 81.50 கிராம். ஒண்டு 50 கியூ சுவிட்சுக்கு, ஒண்டு 60 மோப்பாவுக்கு, ரெண்டையும் 110 லென்ஸில வெட்டச் சொல்லியிருக்கு. மூண்டாவதை அதே மோப்பாவில 254 லென்ஸில கேட்டிருக்கிறன். திரும்பி வந்ததும் நிறையையும் நிமிடத்தையும் இங்கயே போடுறன்.